பிரீமேசன்கள் யார்? பேரனின் கேள்விக்கு ஒரு பதில்

கடந்த நோன்பு காலத்தில் ஓர் இரவு, தராவீஹ் முடிந்து வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எனது பேரன் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினான். வாலிபர்களின் வட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த குரல்பதிவு. கொழும்பில் காலிமுகத்திடலுக்கு அருகே ஷைத்தானை வணங்கும் மண்டபம் ஒன்று இருக்கிறதாம். இரவில் அங்கே இரத்தம் குடிக்கிறார்களாம். நாட்டின் ஆட்சியே அங்கிருந்துதான் நடக்கிறதாம். பதற்றமான குரலில் ஒருவர் சொல்லிக்கொண்டே போனார். கூடவே அந்தக் கட்டடத்தின் புகைப்படமும் இருந்தது.

"மூத்தாப்பா, இது உண்மையா?" என்று கேட்டான்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனெனில் அந்தக் கட்டடத்துக்குள் நான் போயிருக்கிறேன். அங்கே வழமையாகப் போய்வந்த ஒரு மனிதரின் உதவியில் எமது குடும்பம் மூன்று வருடங்கள் சாப்பிட்டது. அதேவேளை, அந்த அமைப்பில் சேரலாமா என்று ஒரு காலத்தில் யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தவனும் நான்தான். எனவே இந்த விடயத்தில் புகழ்ந்து பேசவோ பயமுறுத்தவோ எனக்குத் தேவையில்லை. நான் அறிந்ததை, படித்ததை, நேரில் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

மாதம் தவறாமல் வந்த உறை

எனது வாப்பா கோட்டையில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார். எனக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது மாரடைப்பில் மௌத்தானார். எனக்குக் கீழே நான்கு பேர். உம்மா இத்தாவில் இருந்த அந்த நாட்களில் நிறுவனத்தின் கணக்காளர் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சைவர். வாசலில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டு ஓர் உறையைத் தந்துவிட்டுப் போனார். அடுத்த மாதமும் வந்தார். நான் வேலைக்குப் போகும் வரை, மூன்று வருடங்கள், ஒரு மாதமும் தவறவில்லை. அது கம்பனிப் பணம் என்றே உம்மா நினைத்திருந்தார்.

1983 ஜூலையில் அவரது வீட்டுக்குத் தீ வைத்தபோது அவரும் மனைவியும் வந்து சேர்ந்த இடம் மாளிகாவத்தையில் இருந்த எமது சின்ன வீடு. ஐந்து நாட்கள் உம்மாவின் அறையில் இருந்தார்கள். அந்த ஐந்து நாட்களில் ஒரு நாள்தான் உம்மா அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டார். அது கம்பனிப் பணமல்ல, தானும் தனது லொட்ஜில் உள்ள சிலரும் சேர்ந்து கொடுத்தது என்று அவர் சொன்னார். லொட்ஜ் என்ற சொல்லை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

கல் கொத்தியவர்களிலிருந்து கனவான்கள் வரை

வீடு கட்ட வருபவரை நாம் மேசன் பாஸ் என்கிறோம் அல்லவா? பிரீமேசன் என்பதிலுள்ள மேசனும் அதே மேசன்தான். மத்திய கால ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களையும் கோட்டைகளையும் கட்டிய கல்வேலைக்காரர்கள் கட்டட இடத்துக்கு அருகே ஒரு கொட்டகை போட்டு அதில் வேலை செய்தார்கள். அந்தக் கொட்டகைக்குப் பெயர் லொட்ஜ். தொழில் பழகுபவர், தேர்ந்த தொழிலாளி, மேஸ்திரி என்று அவர்களுக்குள் படிகள் இருந்தன. தொழில் இரகசியங்களையும் அடையாளச் சொற்களையும் வெளியாருக்குச் சொல்லமாட்டார்கள். எழுத்தும் சான்றிதழும் பரவலாக இல்லாத காலத்தில், ஊர் விட்டு ஊர் வரும் ஒருவர் உண்மையில் தொழில் தெரிந்தவரா என்று அறிய அதுதான் வழி.

17ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் கல் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத கனவான்களும் இத்தகைய லொட்ஜ்களில் சேரத் தொடங்கினார்கள். கருவிகள் அப்படியே இருந்தன, வேலைதான் மாறியது. கல்லைச் செதுக்குவது போல மனிதன் தன்னைச் செதுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. லண்டனில் நான்கு லொட்ஜ்கள் சேர்ந்து 1717 ஜூன் 24இல் முதலாவது கிராண்ட் லொட்ஜை அமைத்ததாக அவர்களது மரபு சொல்கிறது. அது உண்மையில் 1721இல் நடந்தது என வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உள்ளனர். 1723இல் ஜேம்ஸ் அண்டர்சன் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அவர்களது யாப்பைத் தொகுத்து அச்சிட்டார். பின்னர் போட்டியாக இயங்கிய இரண்டு கிராண்ட் லொட்ஜ்கள் 1813இல் இணைந்து இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லொட்ஜாக ஆகின.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உலகம் முழுவதற்குமான ஒரே தலைமை பிரீமேசன்களுக்குக் கிடையாது. பல நாடுகளில் தனித்தனி கிராண்ட் லொட்ஜ்கள் உள்ளன. அவை ஒன்றையொன்று அங்கீகரிக்கலாம், மறுக்கலாம். 1877இல் பிரான்சின் கிராண்ட் ஓரியன்ட் அமைப்பு, உறுப்பினர் இறைவனை நம்ப வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. அதனால் இங்கிலாந்து அதனுடன் தொடர்பை முறித்தது. அந்த முறிவு இன்றுவரை உள்ளது. உலகையே ஒரே கயிற்றில் ஆட்டுவிக்கும் கூட்டம் என்று சொல்லப்படுவோர் தமக்குள்ளேயே ஒன்றுபடாதவர்கள்.

மூன்று படிகளும் கருவிகளும்

உறுப்பினராகும் ஒருவர் மூன்று படிகளைக் கடக்கிறார். முதலாவது தொழில் பழகுபவர், இரண்டாவது தேர்ந்த தொழிலாளி, மூன்றாவது மாஸ்டர் மேசன். ஒவ்வொரு படிக்கும் ஒரு சடங்கு உண்டு. முதற்படியில் சேருபவரின் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு, ஒரு காலின் முழங்கால் தெரியும்படி உடையை மடித்து அழைத்துவருவார்கள். அறியாமையிலிருந்து வெளிச்சத்துக்கு வருவதையும், பணமோ பதவியோ இல்லாமல் வெறுங்கையோடு வருவதையும் அது காட்டுவதாகச் சொல்கிறார்கள்.

கருவிகளுக்கும் ஒவ்வொரு பொருள் உண்டு. மூலைமட்டம் நேர்மையான நடத்தை. கவராயம் ஆசைகளுக்குப் போடும் எல்லை. நீர்மட்டம் மனிதர்களின் சமத்துவம். தூக்குக்குண்டு நிமிர்ந்த வாழ்க்கை. மண்டபத்தில் செதுக்காத கல்லொன்றும் செதுக்கி மெருகூட்டிய கல்லொன்றும் வைக்கப்பட்டிருக்கும். முதலாவது வந்து சேர்ந்த மனிதன், இரண்டாவது அவன் ஆக வேண்டிய மனிதன். இடுப்பில் கட்டும் ஏப்ரன் பழைய கல்வேலைக்காரரின் தோல் ஏப்ரனிலிருந்து வந்தது.

மூன்றாவது படியில் ஒரு நாடகம் நடிக்கப்படுகிறது. நபி ஸுலைமான் (அலை) அவர்களது ஆலயத்தைக் கட்டிய ஹீராம் என்ற தலைமைக் கட்டடக் கலைஞரைச் சிலர் இரகசியச் சொல்லைக் கேட்டு மிரட்டுகிறார்கள். அவர் சொல்ல மறுத்துக் கொல்லப்படுகிறார். உயிர் போனாலும் நம்பிக்கைத் துரோகம் செய்யக்கூடாது என்பது அதன் பாடம். ஹீராம் என்ற கைவினைஞர் பைபிளில் வருகிறார். ஆனால் இந்தக் கொலைக் கதை அங்கே இல்லை. குர்ஆனிலும் இல்லை. இது அவர்கள் தமக்காக உருவாக்கிக்கொண்ட கதை.

லொட்ஜின் தலைவரை ஆங்கிலத்தில் 'வேர்ஷிப்புல் மாஸ்டர்' என்பார்கள். அவரை வணங்குகிறார்கள் என்ற பேச்சு இந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது மதிப்புக்குரியவர் என்று மட்டுமே பொருள்படும். இங்கிலாந்தில் நகர முதல்வர்களையும் அப்படி அழைக்கும் வழக்கம் உண்டு. டெம்பிள் என்ற சொல்லும் இதே குழப்பத்தைத் தந்துள்ளது.

அந்த மண்டபத்தில் நான் கண்டது

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு நாள் அவரிடம் நேரடியாகவே கேட்டேன். "சேர், என்னையும் உங்கள் லொட்ஜில் சேர்ப்பீர்களா?"

அவர் சிரித்தார். "தம்பி, நாங்கள் ஒருத்தரையும் வா எண்டு கூப்பிடுறதில்லை. விருப்பமெண்டால் ஆள்தான் கேக்கவேணும். நீர் இப்ப கேட்டிட்டீர். ஆனால் முதல்ல வந்து பாரும். பிறகு உம்மட மார்க்கம் தெரிஞ்ச ஆளிட்டயும் கேளும். பிறகு முடிவெடும்."

கொள்ளுப்பிட்டிப் பக்கம் காலிமுகத்திடலுக்கு அண்மையில் விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கிய மேசனிக் டெம்பிள் உள்ளது. நூறு வருடங்களைக் கடந்த கட்டடம். கூட்டம் இல்லாத ஒரு நாளில் என்னை அங்கே கூட்டிப்போனார். உள்ளே கறுப்பும் வெள்ளையுமான சதுரங்கள் கொண்ட தரை. வாழ்க்கையின் இன்பமும் துன்பமும் என்று அதற்கு விளக்கம் சொன்னார். கிழக்கே தலைவரின் உயர்ந்த கதிரை. மேற்கிலும் தெற்கிலும் உதவித் தலைவர்களின் கதிரைகள். நடுவே ஒரு பீடம். சுவர்களில் பழைய தலைவர்களின் படங்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். பழைய மரத்தின் வாசனை. நீதிமன்றம் போலவும் பழைய பாடசாலை மண்டபம் போலவும் இருந்தது. பயப்படும்படியாக எதையும் நான் காணவில்லை.

புதியவரைச் சேர்ப்பதற்கு முன்னர் உறுப்பினர்கள் இரகசியமாக வாக்களிப்பார்கள். பெட்டிக்குள் வெள்ளைப் பந்து போட்டால் சம்மதம், கறுப்புப் பந்து போட்டால் மறுப்பு. கூட்டம் நடக்கும்போது வாசலுக்கு வெளியே ஒருவர் வாளுடன் நிற்பார். உள்ளே அரசியலும் மதமும் விவாதிக்கக்கூடாது. கூட்டத்தின் பெரும்பகுதி சாதாரண வேலைகள்தான்: கடந்த கூட்ட அறிக்கை, கணக்கு, சுகவீனமாயிருப்பவர்களின் விபரம். விதவைகளையும் நோயாளிகளையும் விசாரிப்பதற்கென்றே ஒரு பொறுப்பாளர் உண்டு. அவரை அல்மோனர் என்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து இராப்போசனம். அங்கே மதுபானமும் பரிமாறப்படுவதுண்டு என்பதையும் அவர் என்னிடம் மறைக்கவில்லை.

"சத்தியம் எதன் மேல் செய்வீர்கள்?" என்று கேட்டேன். சேருபவர் எந்த வேதத்தை நம்புகிறாரோ அதன் மீது என்றார். பிரபஞ்சத்தின் மகா சிற்பி என்பது இறைவனைக் குறிக்க அவர்கள் பாவிக்கும் பொதுப் பெயர். இறைவனை நம்பாத எவரையும் இங்கிலாந்து மரபிலான லொட்ஜ் சேர்க்காது. இரகசியத்தை வெளியிட்டால் தொண்டை அறுக்கப்படும் என்ற தோரணையில் பழைய சத்தியத்தில் சொற்கள் இருந்தது உண்மை. இங்கிலாந்தின் கிராண்ட் லொட்ஜ் 1986இல் அவற்றைச் சத்தியத்திலிருந்து நீக்கிவிட்டது. அந்த இரகசியங்களில் பலவும் 18ஆம் நூற்றாண்டிலேயே புத்தகங்களாக அச்சாகிவிட்டன என்பது இன்னொரு வேடிக்கை.

இலங்கைக்கு எப்படி வந்தது?

இந்த அமைப்பு இலங்கைக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில். பின்னர் பிரித்தானிய இராணுவ அதிகாரிகளும், தோட்டத் துரைமார்களும், வர்த்தகர்களும் அதை வளர்த்தார்கள். ஆங்கிலேய, ஐரிஷ், ஸ்கொட்லாந்து என மூன்று ஆளுகைகளின் கீழும் இங்கே லொட்ஜ்கள் உருவாகின. தொடக்கத்தில் அது வெள்ளையரின் கழகம்தான். காலப்போக்கில் பறங்கியர், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பார்சிகள் என உள்நாட்டவர்களும் சேர்ந்தார்கள். ஆட்சியாளனும் ஆளப்படுபவனும் ஒரே மேசையில் சகோதரர் என்று ஒருவரையொருவர் அழைத்த அபூர்வமான இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தச் சகோதரத்துவம் மண்டப வாசலோடு நின்றுவிட்டது. வெளியே வந்ததும் துரை துரைதான். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முஸ்லிம் உலகின் பழைய தொடர்பு

எமது வாலிபர்கள் பலருக்குத் தெரியாத பக்கம் இது. ஆற்காட்டு நவாபின் மகன் உம்ததுல் உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் பிரீமேசனாகச் சேர்ந்தார். பின்னர் அவரே நவாபானார். லண்டன் கிராண்ட் லொட்ஜ் அவருக்கு வாழ்த்துக் கடிதமும் ஏப்ரனும் அனுப்பிவைத்தது.

அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் பதினைந்து வருடங்கள் போராடிய அமீர் அப்துல் காதிர், 1860இல் திமிஷ்கில் கலவரம் வெடித்தபோது ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்துக் காப்பாற்றினார். அதைப் பாராட்டி பாரிஸ் லொட்ஜ் ஒன்று அவருக்குக் கடிதம் எழுதியது. 1864இல் அலெக்ஸாந்திரியாவில் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அதன் பின்னர் அவர் எந்தளவுக்கு அதில் ஈடுபட்டார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

ஜமாலுத்தீன் அப்கானியும் கெய்ரோவில் சேர்ந்தார். 1878இல் கவ்கபுஷ் ஷர்க் என்ற லொட்ஜின் தலைவராகவும் தெரிவானார். அவரது நோக்கம் அரசியல். அரசு காது கொடுக்க முடியாத ஓர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் அரசியல் பேசக்கூடாது என்ற விதியோடு அவர் மோதினார். 1879இல் கெதீவ் தௌபீக் அவரை எகிப்திலிருந்தே வெளியேற்றினார்.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் எமது மண்ணில் வந்து முடிகிறது. 1882இல் எகிப்தில் பிரித்தானியரிடம் தோற்ற ஒராபி பாஷாவைத் தூக்கில் போடவே கெதீவின் தரப்பு விரும்பியது. அவருக்காக வாதாடி மரண தண்டனையை நாடுகடத்தலாக மாற்ற உதவியவர் ஏ. எம். பிரோட்லி என்ற ஆங்கிலேயச் சட்டத்தரணி. அவர் ஒரு பிரீமேசன். மோல்ட்டா பிராந்தியத்தின் பிரீமேசன் வரலாற்றையே எழுதியவர். 1883 ஜனவரியில் ஒராபி பாஷா கொழும்பு வந்தார். 1892இல் சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோருடன் அவரது ஆதரவும் சேர்ந்து உருவானதுதான் இன்றைய ஸாஹிரா. ஸாஹிராவைக் கட்டியது பிரீமேசன் என்று யாரும் இதிலிருந்து புதிய வதந்தியைக் கிளப்பிவிட வேண்டாம். வரலாறு எவ்வளவு சிக்கலான நூலால் நெய்யப்பட்டது என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

துருக்கியில் 1908 புரட்சியை நடத்திய இளம் துருக்கியரில் பலர் லொட்ஜ்களில் இருந்தார்கள். தலாத் பாஷா 1909இல் உஸ்மானிய கிராண்ட் ஓரியன்டின் தலைவரானார். அதே ஆண்டில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் பதவியிறக்கப்பட்டார். முஸ்லிம் உலகில் இந்த அமைப்பின் மீது உருவான ஆழ்ந்த சந்தேகத்துக்கு இது ஒரு முக்கிய காரணம். சந்தேகம் வெறும் கற்பனையிலிருந்து பிறக்கவில்லை. பின்னர் பலஸ்தீனம் பறிபோனதும் அந்தச் சந்தேகம் கோபமாக மாறியது. இந்தோனேசியாவில் சுகர்ணோ 1961இலும், பாகிஸ்தானில் சுல்பிகார் அலி பூட்டோ 1972இலும் தடை விதித்தார்கள். எகிப்தில் நாஸர் 1964இல் லொட்ஜ்களை மூடினார். இந்தோனேசியத் தடையைப் பின்னர் 2000ஆம் ஆண்டில் நீக்கியவர் அப்துர் ரஹ்மான் வஹீத், ஓர் ஆலிம். துருக்கியில் இன்றும் லொட்ஜ்கள் இயங்குகின்றன.

மார்க்க அறிஞர்கள் சொன்னது

1978இல் மக்காவில் கூடிய றாபிதாவின் பிக்ஹ் சபை இதுபற்றிக் கடுமையான தீர்ப்பை வழங்கியது. பிரீமேசன் அமைப்பு இஸ்லாத்துக்கு எதிரான, ஆபத்தான அமைப்பு என்றும், அதன் உண்மை நிலையையும் நோக்கங்களையும் அறிந்துகொண்டே அதில் சேருபவர் இஸ்லாத்தை விட்டும் வெளியேறியவர் என்றும் அந்தச் சபை சொன்னது. அதன் இரகசியத்தன்மை, உறுப்பினரைக் கட்டிப்போடும் சத்தியம், எல்லா மதங்களையும் ஒரே தட்டில் வைப்பது, ஸியோனிசத்துடன் உள்ளதாகச் சபை கருதிய தொடர்பு ஆகியன அதற்கான காரணங்களில் அடங்கும்.

இது முஸ்லிம்களின் தனிப்பட்ட வெறுப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கத்தோலிக்கத் திருச்சபை 1738இலேயே பாப்பரசர் பன்னிரண்டாம் கிளெமென்ட் மூலம் இதைத் தடை செய்தது. 1983இல் வத்திக்கான் அந்த நிலைப்பாட்டை மீண்டும் உறுதிப்படுத்தியது. இரு தரப்பும் ஒரே இடத்தைத்தான் தொட்டன. எல்லா மதத்தவருக்கும் பொதுவான ஒரு சடங்கையும் ஒரு பொதுப் பெயரையும் உருவாக்கி அதன் முன் சத்தியம் செய்யும்போது, ஒருவரது சொந்த மார்க்கம் எங்கே நிற்கிறது? இது நியாயமான கேள்வி.

வேறு நியாயமான கேள்விகளும் உண்டு. இத்தாலியில் 1981இல் பி2 என்ற லொட்ஜின் உறுப்பினர் பட்டியல் பொலிஸாரிடம் சிக்கியது. அமைச்சர்கள், இராணுவ, உளவுத்துறை அதிகாரிகள், பத்திரிகை முதலாளிகள் எனத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருந்தன. அரசாங்கமே கவிழ்ந்தது. இத்தாலிய கிராண்ட் ஓரியன்ட் அந்த லொட்ஜை ஏற்கெனவே இடைநிறுத்தியிருந்தது என்பது உண்மை. ஆனாலும் மூடிய கதவுக்குப் பின்னால் அதிகாரமுள்ளவர்கள் கூடும்போது என்ன நடக்கலாம் என்பதற்கு அது சாட்சி. பெண்களை இங்கிலாந்து மரபிலான லொட்ஜ்கள் இன்றும் சேர்ப்பதில்லை. அவர்களுக்குத் தனி அமைப்புகள் உள்ளன.

வதந்தி எங்கிருந்து வந்தது?

ஷைத்தான் வணக்கம் என்ற கதைக்கு முக்கிய மூலம் ஒன்று உண்டு. லியோ தக்ஸில் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1885 முதல் பன்னிரண்டு வருடங்கள் பிரீமேசன்கள் ஷைத்தானை வணங்குவதாகப் புத்தகம் புத்தகமாக எழுதினார். 1897 ஏப்ரலில் பாரிஸில் கூட்டம் கூட்டி, எல்லாமே தான் இட்டுக்கட்டியது என்று தானே அறிவித்தார். ஒப்புக்கொண்டவர் போய்விட்டார். பொய் மட்டும் நிற்கிறது.

யூதர்களும் பிரீமேசன்களும் சேர்ந்து உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லும் 'ஸியோன் மூத்தோரின் நெறிமுறைகள்' 1903இல் ரஷ்யாவில் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி 1864இல் வெளியான ஒரு பிரெஞ்சு அரசியல் நையாண்டி நூலிலிருந்து திருடப்பட்டது என்பதை 1921இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை வரிக்கு வரி ஒப்பிட்டு நிரூபித்தது. அதே போலி நூலைத்தான் ஹிட்லரின் ஆட்சி பயன்படுத்தியது. யூதர்களோடு பிரீமேசன்களையும் அது சிறையில் தள்ளியது. பலஸ்தீனத்தில் நடக்கும் அநியாயத்தை எதிர்ப்பதற்கு எமக்கு இந்தப் போலி ஆவணம் தேவையில்லை. உண்மையே போதும்.

இந்த நாட்டில் வதந்தியின் விலையை எம்மைவிட நன்கறிந்தவர் யார்? 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு கொத்து ரொட்டிக் கடையில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு பேச்சுக் கிளம்பியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. அறிக்கை வருவதற்குள் நெருப்பு வந்துவிட்டது. மத்ரஸாக்களைப் பற்றி, ஹலால் பற்றி, எமது பெண்களின் உடை பற்றிச் சொல்லப்பட்டவற்றைக் கேட்டு நாம் அழுதோம். உள்ளே வந்து பாருங்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சினோம். அதே நாம், வேறொருவரின் மூடிய கதவைப் பற்றி ஆதாரமில்லாத குரல்பதிவை நோன்பு இரவில் பகிர்கிறோம். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு சூரா அல்ஹுஜுராத் கட்டளையிடுவது மற்றவர்களுக்கு மட்டுமா?

நான் ஏன் சேரவில்லை

மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்த வாரம் எமது பள்ளிவாசல் ஹஸரத்திடம் போனேன். உறை வந்த கதையையும் சொன்னேன். அவர் நீண்ட நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "சேர வேணாம் மகன். என்ன சத்தியம் செய்யப்போறோம் எண்டு முழுசா தெரியாம ஒரு முஸ்லிம் சத்தியம் செய்யக்கூடாது. ஆனா அந்த மனுஷனப் பத்தி இல்லாததச் சொல்லவும் வேணாம். அது ரெண்டும் வேற வேற" என்றார்.

அந்த இரண்டு வசனங்களும் எனக்குப் போதுமாக இருந்தன. அவரிடம் போய்ச் சேரவில்லை என்று சொன்னேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "நல்லது தம்பி, கேட்டு முடிவெடுத்தீர், அதுதான் சரி" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றினார். அவர் இறக்கும் வரை ஒவ்வொரு பெருநாளைக்கும் எமது வீட்டில் சாப்பிட்டார்.

அவரது இறுதிச் சடங்கில் லொட்ஜ் ஆட்கள் கறுப்பு உடையில் பின்வரிசையில் நின்றார்கள். அதில் ஒரு முதியவர் என்னருகே வந்து, "நீங்கள்தானே மாளிகாவத்தை?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். தோளைத் தட்டிவிட்டுப் போனார். உறைக்குப் பணம் போட்டவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெயரும் இல்லை, படமும் இல்லை.

இதைச் சொல்லும்போது எனக்குள் ஓர் உறுத்தல் இருக்கிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுக்கும்படி கற்பிக்கப்பட்ட சமூகம் எம்முடையது. ஆனால் இன்று ஓர் உலருணவுப் பொதியைக் கொடுக்கும்போது நான்கு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, வாங்கும் விதவையின் முகம் முகநூலில் ஏறுகிறது. எமது உம்மாவின் முகம் எங்கும் ஏறவில்லை. அவரது பிள்ளைகள் பாடசாலையில் தலை நிமிர்ந்து நடந்தோம். அந்த லொட்ஜின் சத்தியமும் சடங்கும் எமக்கு வேண்டாம். ஆனால் அந்த உறையைக் கொண்டுவந்த முறை எமது பைத்துல்மால்களிலும் ஜமாஅத்துகளிலும் இருக்க வேண்டியது. அது எமக்குப் புதிதல்ல, நாம் மறந்துபோனது.

பேரனிடம் கடைசியாக இப்படித்தான் சொன்னேன்: "அது ஷைத்தான் வணங்கும் இடமல்ல மகன். நாம் சேர வேண்டிய இடமும் அல்ல. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தால் அந்தக் குழுவில் பதில் போடு. இல்லாவிட்டால் அந்தக் குரல்பதிவை அழித்துவிடு."

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தட்டச்சுச் செய்யத் தொடங்கினான்.

அல்லாஹ்வே மிக நன்கறிந்தவன்.